அரங்க வாயிலில் ஒரு சந்தை

வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து அங்காடியில் எத்தனையோ பண்டங்கள் வந்து குவிந்தன. ஆனால், பிற்காலத்தில் சிங்கப்பூர்ப் பந்தாட்ட அரங்கங்களின் வாயிலில் விலைபோன ஒரு பண்டத்தை அவ்வணிகர் அறியார். அதன் ஆயுள் இரண்டு மணி நேரமே. ஆட்டம் தொடங்கும் வரை பொன்; முடிந்தபின் காகிதம். நுழைவுச்சீட்டைத்தான் கூறுகிறேன்.

அரசர், ஆளுநர் வரலாறு எழுதுவோர் இச்சிறு வணிகத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஓர் ஊரின் உழைப்பாளி தன் ஓய்வு நேரத்தை எவ்விலைக்கு வாங்கினான் என்பதும் வரலாறே அன்றோ?

1921-ஆம் ஆண்டு, ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் கரைகளுக்கு வந்தது. அதைக் கட்டுவதற்கான பணத்தைக் கொடுத்தவை மலாய்க் கூட்டு மாநிலங்கள். அக்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் நன்றியாக ஒரு கிண்ணத்தை வழங்கினர். அதுவே மலாயாக் கிண்ணம். முதலாண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. 1920-களில் சிங்கப்பூரில் இக்கிண்ண ஆட்டங்கள் நடந்த இடம், தஞ்சோங் பகாரை ஒட்டிய ஆன்சன் சாலை அரங்கம். 1929 டிசம்பர் 26-இல் ஜாலான் புசார் அரங்கம் திறக்கப்பட்டபின் ஆட்டம் அங்கே குடிபெயர்ந்தது. 1973-இல் 55,000 பேர் கொள்ளும் தேசிய அரங்கம் காலாங்கில் எழுந்ததும், கூட்டமும் வாயிற் சந்தையும் அங்கே சென்றன.

தஞ்சோங் பகார் எத்தகைய ஊர்? கப்பற்பட்டறையும் சரக்குக் கிடங்கும் சூழ்ந்த இடம். துறைமுகத்தில் சுமை தூக்கிய தமிழரும், கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம் தமிழரும் இங்கே நெருக்கமாக வாழ்ந்தனர். 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் இங்கே தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்கு அந்தப் பக்கம் பேனா ஓடப் பார்க்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

என் பெரியப்பா ஒருவர் அத்துறைமுகத்தில் வேலை செய்தவர். சீட்டு விற்போனை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. “கவுண்டர் தொறக்கிற நேரத்துக்கு நான் கப்பலுக்குள்ள மூட்டையோட நிப்பேன். அவன் எனக்காக வெயில்ல நின்னான். நின்னதுக்குக் காசு கேக்கறான். அதுல என்ன தப்பு?” என்பார். பொருளாதார நூல் படியாத அவர் கூறியதில் ஓர் உண்மை உண்டு. சங்கம் சீட்டுக்கு ஒரு விலையை அச்சிடுகிறது. அதற்குமேல் வரிசை என்னும் இன்னொரு விலையும் இருக்கிறது. அதை நேரத்தால் கொடுக்கவேண்டும். நேரம் உள்ளவன் நேரத்தைக் கொடுக்கிறான். முறைவேலைக்காரனிடம் அது இல்லை. ஆகவே காசைக் கொடுக்கிறான்.

ஆனால், பெரியப்பா காணாத மறுபக்கமும் உண்டு. ஒருவன் தனக்கும் தோழனுக்கும் இரண்டு சீட்டு எடுப்பது வேறு; ஐம்பது சீட்டைச் சுருட்டிக்கொள்வது வேறு. ஐம்பதைச் சுருட்டுபவனே வரிசையை நீளமாக்குகிறான். பிறகு அந்நீளத்துக்கு விலையும் கேட்கிறான். இது பழைய நோய். பண்டைய ஏதென்ஸ் நகரில் நாடகம் காண இரண்டு ஓபல் கட்டணம். பணக்காரர் இடங்களை வாங்கிக் கொண்டமையால் ஏழைக்கு இடமில்லாது போயிற்று என்றும், அதனால் அரசே அவ்விரண்டு ஓபலைக் குடிமக்களுக்கு வழங்கியது என்றும் பிற்கால உரைகாரர் கூறுவர். மலேசியாவில் இத்தகையோரை ‘ஊலாட் டிக்கெட்’ என்பர். ஊலாட் என்றால் புழு. பெயர் வைத்தவன் வரிசையின் கடைசியில் நின்றவனாகத்தான் இருக்கவேண்டும்.

விலை ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுவர். இறங்குவதைப் பற்றிப் பேசுவார் இலர். அதை நான் 1994-இல் கண்டேன்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். சிங்கப்பூர் அணி மலேசியக் கிண்ணத்தில் வெறியோடு ஆடிய ஆண்டு அது. குளுவாங்கில் ரயிலேறித் தஞ்சோங் பகாரில் இறங்கினோம், நண்பர் மூவர். 1932-இல் திறந்த அந்நிலையத்தின் முகப்பில் உழவு, வணிகம், போக்குவரத்து, தொழில் நான்கையும் குறிக்கும் உருவங்கள் நிற்கின்றன. வணிகத்தின் அருள் எங்களுக்கு அன்று தேவையாயிருந்தது. கையில் சீட்டு இல்லை.

காலாங் அரங்க வாயிலில் தமிழர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், அச்சிட்ட விலையைப் போல் மூன்று மடங்கு கேட்டார். “கட்டுப்படியாகாது அண்ணே” என்று விலகி நின்றோம். நானே நண்பர்களிடம் சொன்னேன்: “பொறுங்கள், மாலைநேரத்து மல்லிகை இது, விசில் ஊதட்டும்.” ஆட்டம் தொடங்கியது. உள்ளே காலாங் முழக்கம் எழுந்தது. வெளியே அவர் கையில் இன்னும் நான்கைந்து சீட்டுகள். இரண்டு மடங்கு என்றார். பிறகு அச்சிட்ட விலை என்றார். நான் அதற்கும் கீழே கேட்டேன். இருபது நிமிடம் ஆனது. உள்ளே ஒரு கோல் விழுந்த ஓசை கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். இருவருக்கும் அது தெரியவில்லை.

“எடுத்துக்குங்க தம்பி. வாங்கின காசே வரல” என்று பாதி விலைக்குக் கொடுத்தார். வென்ற மகிழ்ச்சியில் ஓடினேன். படியேறும்போதுதான் தோன்றியது: இருபது நிமிட ஆட்டத்தையும் ஒரு கோலையும் விற்றுத்தான் அந்தப் பாதி விலையை வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னது மெய்யா என்பதையும் நான் இன்றுவரை அறியேன். வகுப்பில் இலாப நட்டக் கணக்கு நடத்தும்போதெல்லாம் அவர் முகம் வருகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 17-இல் ஷா ஆலமில் சிங்கப்பூர் பாகாங்கை 4-0 என வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. அடுத்து வந்தது எங்கள் பேரத்தைவிடப் பெரிய பேரம். வாயில் வசூலில் யாருக்கு எவ்வளவு என்பதில் மலேசியப் பந்தாட்டச் சங்கத்துக்கும் சிங்கப்பூர்ச் சங்கத்துக்கும் இணக்கம் ஏற்படவில்லை. 1995-இல் சிங்கப்பூர் போட்டியிலிருந்து விலகியது. வாயிலில் நின்ற அண்ணனாவது இறுதியில் இறங்கி வந்தார். மேசையில் அமர்ந்த பெரியவர்கள் இறங்கவில்லை. 1996-இல் சிங்கப்பூர் தன் சொந்த லீக் போட்டியைத் தொடங்கியது. 2012 முதல் 2015 வரை ஓர் அணி மீண்டும் மலேசியப் போட்டிகளில் ஆடியது. பழைய கூட்டத்தைப் போன்ற கூட்டத்தை நான் அதன்பின் கண்டதில்லை.

இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமொன்று பந்தாட்டச் சீட்டை அனுமதியின்றி விற்பதைக் குற்றமாக்கியது. எதிரெதிர் அணியின் ஆதரவாளர் ஒரே பகுதியில் கலந்து மோதாதிருக்கவே அச்சட்டம். ஏழையின் பைக்காக அன்று. சென்னைச் சேப்பாக்கத்தில் 2023-இல் கிரிக்கெட் சீட்டைக் கள்ள விலைக்கு விற்றோரைக் காவலர் பிடித்தனர். 2024-இல் சிங்கப்பூரின் புதிய தேசிய அரங்கில் ஓர் அமெரிக்கப் பாடகி ஆறு இரவுகள் பாடியபோதும் இதே புகார் எழுந்தது. சந்தை இப்போது கைப்பேசிக்குள் நடக்கிறது. விற்பவன் முகம் தெரிவதில்லை. விசில் ஊதட்டும் என்று காத்திருந்து கண்ணுக்குக் கண் பேரம் பேசவும் வழியில்லை.

பழைய காலாங் அரங்கம் 2007-இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டது. அந்த 1994 இரவில், வடக்கே போகும் ரயிலுக்காக அதே நிலையத்தில் காத்திருந்தபோது, நண்பன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “முதல் கோல் யார் போட்டது?” பக்கத்து இருக்கைக்காரரிடம்தான் கேட்டுச் சொன்னேன். அவர் முழு விலை கொடுத்தவர்.