ஹென்ரியெட்டா தெரு 14ஆம் எண் இல்லம், டப்ளின்

ஹென்ரியெட்டா தெரு 14ஆம் எண் இல்லம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், லிஃபி ஆற்றின் வடகரைப் பகுதியில் உள்ள ஜார்ஜியக் கால வரிசை வீடாகும். பிரபு ஒருவரின் குடும்பத்துக்கென எழுந்த இவ்வீடு, பிற்காலத்தில் நூறு பேர் நெருங்கி வாழ்ந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடமாக மாறியது. இன்று இது ஓர் அருங்காட்சியகம்.

கட்டடக்கலை

ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் அடுத்தடுத்து ஆண்ட காலம் (1714–1830) ஜார்ஜியக் காலம் எனப்படுகிறது. வங்கியாளரும் நிலவுடைமையாளருமான லூக் கார்டினர் 1720களில் ஹென்ரியெட்டா தெருவை உருவாக்கத் தொடங்கினார். 13, 14, 15 எண்ணுள்ள வீடுகள் 1740களின் இறுதியில் ஒரே தொடராகக் கட்டப்பட்டன. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர் உண்டு.

தெருவை நோக்கிய செங்கல் முகப்பு ஆடம்பரமற்றது. சம இடைவெளியில் அமைந்த உயரமான சாளரங்களே அதற்கு அழகு. செல்வச் செழிப்பெல்லாம் உள்ளேதான் இருந்தது: அகன்ற மாடிப்படிக் கூடம், விருந்தினரை வரவேற்கும் முதல் மாடி அறைகள், சுதை வேலைப்பாடுள்ள கூரைகள். சமையலும் பிற வேலைகளும் நிலவறையில் நடந்தன. பணியாளர்கள் வந்துபோகப் பின்புறத்தில் தனி மாடிப்படி இருந்தது. விஸ்கவுண்ட் ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த்தின் குடும்பம் இங்கு முதலில் குடியேறியது.

வீழ்ச்சி

1801இல் நடைமுறைக்கு வந்த ஒன்றியச் சட்டம் டப்ளின் நாடாளுமன்றத்தை இல்லாமலாக்கியது. அரசியல் அதிகாரம் இலண்டனுக்குச் செல்ல, செல்வந்தர்களும் நகரை விட்டு அகன்றனர். பெரிய மாளிகைகளின் மதிப்பு சரிந்தது. பெரும் பஞ்சத்தால் நொடித்துப்போன பண்ணையார்களின் நிலங்களை விற்க 1849இல் அமைக்கப்பட்ட நீதிமன்றம் 1850களில் இவ்வீட்டில் இயங்கியது. அடுத்து இது படைவீரர் முகாமாயிற்று.

ஒண்டுக்குடித்தனம்

1877இல் தாமஸ் வான்ஸ் என்ற உரிமையாளர் அகன்ற மாடிப்படியை அகற்றி, வீட்டை 19 குடியிருப்புகளாகப் பிரித்தார். பணியாளர்களுக்கான பின்புறப் படியே குடித்தனக்காரர் அனைவருக்கும் வழியாயிற்று. விருந்துக்கென அமைந்த பெரிய அறைகள் தடுப்புகளால் துண்டாயின. எரிவாயு விளக்கு, குழாய் நீர், படித்தளங்களில் கழிப்பறை ஆகிய வசதிகளைக் கூறி, மரியாதைக்குரிய குடும்பங்களை எதிர்பார்த்தே அவர் விளம்பரம் செய்தார். ஆனால் நெரிசல் பெருகப் பெருக அவ்வசதிகள் போதாமற்போயின.

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இவ்வொரு வீட்டில் 17 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேர் வாழ்ந்தனர். தெருவின் 15 வீடுகளிலும் சேர்த்து 835 பேர் இருந்தனர். பல குடும்பங்களுக்குச் சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, நோய் எல்லாம் ஓரிரு அறைகளுக்குள்தான்.

இந்நிலை ஹென்ரியெட்டா தெருவுக்கு மட்டும் உரியதன்று. 1913 செப்டம்பர் 2 அன்று டப்ளினின் சர்ச் தெருவில் இரண்டு குடித்தனக் கட்டடங்கள் இடிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே நகர ஏழைகளின் வசிப்பிடம் குறித்து அரசு விசாரணை நடந்தது. எனினும் மாற்றம் மெல்லவே வந்தது. 1920கள் முதல் மரினோ, கப்ரா முதலிய புறநகர்களில் புதிய வீடுகள் எழுந்தன. ஆயினும் இவ்வில்லத்தின் கடைசிக் குடித்தனக்காரர்கள் வெளியேறியது 1970களின் இறுதியில்தான்.

பாதுகாப்பு

டப்ளின் மாநகராட்சி இதைக் கையகப்படுத்திச் சீரமைத்தது. 2018இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வீட்டைப் பழைய மாளிகைத் தோற்றத்துக்கே மீட்பதானால், ஏழைகள் வாழ்ந்த நூறாண்டின் தடயங்கள் அழிந்துபோயிருக்கும். எனவே சுதைக் கூரைகளோடு, குடித்தனக் காலத்தில் சுவர்களில் பூசிய சிவப்பும் நீலமும் விட்டுவைக்கப்பட்டன. முன்னாள் குடித்தனக்காரர்களின் நினைவுகளும் திரட்டப்பட்டன. பிரபுவின் பெயரைப் பதிவேடுகள் காத்துவைத்திருந்தன. குடித்தனக்காரர்களின் அன்றாட வாழ்வுக்கோ, தேய்ந்த படிகளும் அடுக்கடுக்கான வண்ணப்பூச்சும் அவர்தம் நினைவுகளுமே சான்றுகள்.