வெட்டுப்படும் கார்வை: கையால் கட்டிய பேஸ் ஆம்ப்களில் லிமிட்டர் வந்த வழி

இலங்கை மலையகத்தில் காமன் கூத்துக்கு முன் தப்புப் பறையைத் தீயில் காட்டுவார்கள். தோல் இறுகிய பின் அடி விழுந்தால் ஓசை சட்டென எழும்பி, சட்டென அடங்கும். தோட்டத் தொழிலாளரின் லயத்து முற்றத்துக்கு அது போதுமாக இருந்தது. பேஸ் கிட்டாரின் கதை வேறு. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் தடித்த கம்பி 41.2 ஹெர்ட்ஸில் அதிரும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்தைத் தர ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். இவ்வளவு பெரிய ஆட்டத்தைச் சிறிய ஆம்ப் எப்படித் தாங்கும் என்ற கேள்வியிலிருந்தே, சிக்னல் வரம்பு மீறும்போது தானே அதைக் குறைக்கும் லிமிட்டரின் தேவை பிறக்கிறது.

மலையகத்தில் இந்தக் கேள்வி மின்சாரத்தின் கதையோடு பின்னியது. நுவரெலியா நகரத்துக்கு 1912இலேயே பிளாக்பூல் சிறு நீர்மின் நிலையம் வெளிச்சம் தந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடையைத் திருப்பிச் சொந்த டர்பைனே வைத்திருந்தன. மலைத் தண்ணீர் ரோலரைச் சுழற்றியது, கொழும்பில் விளக்கேற்றியது. கொழுந்து பறித்தவர்களின் லயத்துக்கு மட்டும் மின்சாரம் வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை மண்ணெண்ணெய் விளக்கு, பிற்பாடு கார் பற்றரி.

பற்றரியில் ஆம்ப் ஓட்டும் கணக்கு இரக்கமற்றது. 12 வோல்ட்டில் சாதாரண ஆம்ப் மேலும் கீழும் 6 வோல்ட்டுக்கு மேல் ஆட முடியாது. 4 ஓம் ஸ்பீக்கரில் அது 4.5 வாட். இரண்டு ஆம்ப்களைப் பிரிட்ஜாகக் கட்டினால் 18 வாட். டிரான்சிஸ்டர்கள் விழுங்கும் வோல்ட்டைக் கழித்தால் அதுவும் தேறாது. இதற்குமேல் கம்பியை ஓங்கி இழுத்தால் அலையின் தலை வெட்டுப்படும். வால்வு ஆம்ப் இதை ஓரளவு வழவழப்பாகச் செய்யும். டிரான்சிஸ்டர் கத்தியால் சீவியதுபோல் செய்யும். முழுக்க வெட்டுண்ட சதுர அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல் இரு மடங்கு சக்தியை வாய்ஸ் கொயிலில் இறக்கும். கொயில் கருகும் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

லிமிட்டர் முதலில் ஸ்பீக்கருக்காகப் பிறந்ததல்ல. 1937இல் வந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 110ஏ, வானொலி ஒலிபரப்பி அளவுமீறிப் பண்பேற்றமாவதைத் தடுக்கவே செய்யப்பட்டது. பின்னர் ஜிம் லாரன்ஸ் ஒளிரும் தகட்டையும் ஒளியுணரும் மின்தடையையும் சேர்த்துச் சிக்னலின் அளவைக் கட்டுப்படுத்தினார். 1960களின் பிற்பகுதியில் பில் புட்னமின் 1176 லிமிட்டர், எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரையே மாறும் மின்தடையாக்கியது. வீட்டில் ஆம்ப் கட்டுகிறவருக்கு இவ்விரண்டில் எளிதில் கைகூடியது ஒளி வழிதான். ஒரு எல்.இ.டி.யும் ஒரு எல்.டி.ஆரும் (ஒளியுணரும் மின்தடை) முகம் பார்த்து நிற்க, மேலே கறுப்பு டேப். சத்தம் மிஞ்சினால் எல்.இ.டி. எரியும்; எல்.டி.ஆரின் தடை இறங்கி, உள்ளே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் தரைக்கு விட்டுவிடும்.

மலிவு மட்டும் அதன் சிறப்பல்ல. 41 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 24 மில்லிசெக்கன் வேண்டும். லிமிட்டர் அதைவிட வேகமாகப் பிடித்து விட்டால், ஒவ்வொரு அலையையும் தனித்தனியே நசுக்கி, அதுவே புதிய இரைச்சலாகிவிடும். எல்.டி.ஆரோ இருட்டில் மெதுவாகத்தான் பழைய தடைக்கு மீளும். பேச்சுக்குக் குறையாகும் அந்தச் சோம்பல் பேஸுக்கு வரம்.

ஆனால் பற்றரி விஷயத்தில் இந்தச் சுற்றும் ஏமாறும். 12.6 வோல்ட்டில் வரம்பை அளந்து வைத்திருப்போம். இரவு ஏற ஏறப் பற்றரி 11க்கு இறங்கும்போது வெட்டுப்படாமல் கிடைக்கும் சக்தி கால்பங்கு குறைந்திருக்கும். லிமிட்டர் பழைய வரம்பிலேயே காவல் நிற்கும். பீவி நிறுவனத்தின் டி.டி.டி. சுற்று இதற்கு வேறு வழி கண்டது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாத கணத்தில் மட்டும் அளவைக் குறைப்பது. வோல்ட் எவ்வளவு இறங்கினாலும் வரம்பு கூடவே இறங்கும். பற்றரியை நம்பிய ஆம்புக்கு இதைவிடப் பொருத்தமான சுற்று இல்லை என்பதே என் துணிபு.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பழைய ஆம்ப் ஒன்று பிரிக்க வந்தால், பெரிய கப்பாசிற்றரை முதலில் வெறுமையாக்குங்கள். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய விரல்நுனி அளவுக் குழாய் தென்பட்டால், வெட்டி எறியுமுன் அந்தச் சுற்றை ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.