சொந்தமாகக் கட்டும் விமானங்களில் தரை மின்சாரம்

தரை மின்சாரம் என்பது இன்ஜின் ஓடாமல் நிற்கும் விமானத்துக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மின்சாரம். விமான நிலையங்களில் இதற்கெனத் தனி வண்டிகள் உண்டு. தன் கொட்டகையிலேயே விமானம் கட்டுபவருக்கு ஒரு பவர் சப்ளையோ பேட்டரி சார்ஜரோதான் அந்த வண்டி. இரண்டும் ஒன்றல்ல; இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் விமானத்தின் கருவிப் பேனல் பழுதாகலாம்.

பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலரே செய்து முடிக்கும் விமானங்களை அமெரிக்காவில் தனி வகையாகப் பதிவு செய்கிறார்கள். 1953இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சினில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் (இ.ஏ.ஏ.) இவர்களின் தாய்வீடு. ஒரெகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் இவர்களிடையே மிகப் பரவலானவை. இன்றைய ஆர்.வி. ஒன்றின் பேனலில் திரைகள், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், தானியங்கி ஓட்டி எல்லாம் இருக்கும். மென்பொருள் ஏற்றுவது, சென்சார்களை அளவுதிருத்துவது, ஒவ்வோர் இணைப்பையும் சரிபார்ப்பது என்று முதல் பறத்தலுக்கு முன்பே இவை பல மணி நேரம் இயங்கியாக வேண்டும். விமானத்தின் பேட்டரி அதற்குத் தாங்காது. ஆர்.வி.களில் அதிகம் காணப்படும் பிசி680 பேட்டரியின் கொள்ளளவு 16 ஆம்பியர்-மணி. 12 ஆம்பியர் இழுக்கும் பேனல் அதைச் சுமார் ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

பன்னிரண்டு வோல்ட் அமைப்பு என்று சொன்னாலும், முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி காட்டுவது 12.6 முதல் 12.8 வோல்ட். பறக்கும்போது ஆல்டர்னேட்டர் தருவது 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே. குறைமின்னழுத்த எச்சரிக்கையைப் பலர் 13 வோல்ட்டில் அமைக்கிறார்கள். அதனால் பேட்டரியை மட்டும் நம்பிச் சோதித்தால் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 13.8 வோல்ட்டை நிலையாகத் தரும் பவர் சப்ளை பறக்கும் நிலைக்கு நெருக்கமானது. ஈய-அமில பேட்டரி இணைப்பில் இருந்தாலும் அதைக் கெடுக்காது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் 13.8 வோல்ட், 30 ஆம்பியர் சப்ளைகள் இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகின்றன. 24 வோல்ட் பேட்டரி உள்ள விமானமானால் 28 வோல்ட் சப்ளை வேண்டும்.

சார்ஜரின் வேலை பேட்டரியை நிரப்புவது. பழைய வகைச் சார்ஜரின் வெளியீடு ஏறி இறங்கும் அலை. பேட்டரி இருந்தால்தான் அது ஓரளவு சமனாகும். புதிய தானியங்கிச் சார்ஜர்களோ பேட்டரியை உணராவிட்டால் மின்சாரமே தராது. சில சார்ஜர்கள் சல்பேட் படிவை நீக்கும் கட்டத்தில் 15 வோல்ட்டைத் தாண்டும். லித்தியம் பேட்டரி உள்ள விமானத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் காப்புச் சுற்று மின்னழுத்தம் மிகுந்ததைக் கண்டு பேட்டரியைத் துண்டித்தால், சார்ஜரின் வெளியீடு முழுவதும் கருவிகள் மேல்தான் விழும். பேனலுக்குச் செலவிட்ட பணத்தை நினைத்தால், அதை வெறும் சார்ஜரில் மாட்டுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மின்னோட்ட வரம்பை மாற்றக்கூடிய சப்ளை புதிய வயரிங்குக்குப் பெரும் காவல். எல்லா சர்க்யூட் பிரேக்கர்களையும் இழுத்துவிட்டு, வரம்பை ஒன்றிரண்டு ஆம்பியரில் வைத்து, ஒவ்வொரு சுற்றாக உயிர்கொடுத்தால், எங்காவது ஷார்ட் இருந்தால் வயர் கருகாது. மீட்டரில் மின்னழுத்தம் சரியும், அவ்வளவுதான். திரைகள் தொடங்கும் கணத்தில் கூடுதலாக இழுக்கும் என்பதால், வரம்பு மிகக் குறைவாக இருந்தால் அவை அணைந்து அணைந்து எரியும். அதைக் கருவியின் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. மின்னழுத்தத்தை மெல்ல 11 வோல்ட் வரை இறக்கி எந்தக் கருவி முதலில் அணைகிறது என்று பார்ப்பதும் பயனுள்ள சோதனை.

வயரின் தடிமனில் கஞ்சத்தனம் ஆகாது. ஐந்து மீட்டர் தள்ளி வைத்த சப்ளையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 ஆம்பியர் போனால், போக வர பத்து மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு. 13.8 என்று அனுப்பியது 12.7ஆகப் போய்ச் சேரும். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

நிரந்தரமாக வெளி இணைப்புச் செருகி வைப்பவர்கள், அந்த மின்சாரத்தை உள்ளே விடும் கான்டாக்டரின் (மின்காந்தச் சுவிட்சின்) சுருளோடு தொடராக ஒரு டயோடு போடுவது வழக்கம். துருவம் மாறிச் செருகினால் கான்டாக்டர் மூடாது. 14 வோல்ட் விமானத்தில் மூன்று முனை ராணுவவகைச் செருகி வைத்தால், விமான நிலையத்தின் 28 வோல்ட் வண்டியை யாரேனும் நல்லெண்ணத்தோடு மாட்டிவிடலாம். ஆகவே மிகை மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் காப்பும் தேவை.

ஹெட்செட்டில் இரைச்சல் கேட்டால் சப்ளையைக் கழற்றி பேட்டரியில் மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்சிங் வகை சப்ளைகளே சில வேளை அதற்குக் காரணம். எரிபொருள் அளவியைத் திருத்தும்போது தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும். அப்போது சப்ளை தொட்டியிலிருந்து தள்ளி, கதவு திறந்த இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் ஊற்றத் தொடங்கிய பிறகு எந்தக் கிளிப்பையும் மாட்டவோ கழற்றவோ வேண்டாம்.