கரும்புக் காட்டிலிருந்து வந்த ரொட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கே உரிய பன்னி சௌ, நடுவே குடைந்த ரொட்டிக்குள் குழம்பை ஊற்றித் தரும் உணவு. பெயரில் பன்றியும் இல்லை, முயலும் இல்லை. குஜராத்தி வணிகர்களைக் குறித்த 'பனியா' என்ற சொல் திரிந்தே பன்னி ஆயிற்று என்பது பரவலான விளக்கம். கடை வைத்தவர் பெயர் நிலைத்துவிட்டது. உண்டவர்களின் கதையைத்தான் சொல்லியாக வேண்டும்.

சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது 1860 நவம்பர் 16. 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்பு வெட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடியும் கூலியாகக் கையெழுத்திட வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் விரும்பினர். இரண்டுக்கும் உடன்படாதவர் மீது 1895-இல் நேட்டால் அரசு ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி போட்டது. 10 ஷில்லிங் கூலிக்காரருக்கு அது ஆறு மாதச் சம்பளம். 13 வயதுப் பெண்ணுக்கும் 16 வயதுப் பையனுக்கும்கூட வரி உண்டு. அந்த வயதில் இரு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 12 பவுன்! நேட்டால் செய்த கொடுமைகளில் இதைவிடக் கேவலமானது இல்லை. வரியை எதிர்த்து 1913-இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரமாயிரம் பேர் வேலையை நிறுத்தினர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று திரும்பிய இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு வரி ஒழிந்தது.

ஒப்பந்தம் முடிந்து நகரத்தில் நிலைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலை பார்த்த டர்பனில், 1940-களில் க்ரே தெருக் கடைகளில் பன்னி சௌ பிரபலமாயிற்று. கறுப்பினத்தவர் உணவகத்தில் உட்கார முடியாத காலம் அது. பக்கவாசலில் வாங்கி நின்றே சாப்பிடத் தட்டில்லாத சாப்பாடு தேவைப்பட்டது. சப்பாத்தியில் குழம்பு ஒழுகும். ரொட்டியின் தடித்த ஓடு தாங்கும்.

கால் ரொட்டி, அரை ரொட்டி என்றே கேட்டு வாங்குவார்கள். குடைந்தெடுத்த வெள்ளைப் பகுதியை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். முதலில் அதைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுத் தின்று, பிறகு சுவரை மேலிருந்து கீழாகக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் காரட், வெங்காயம், பச்சைமிளகாய் சீவல். கரண்டி கிடையாது. இன்று ஆட்டுக்கறிக்கே கிராக்கி. ஆனால் பனியா கடையில் முதலில் ஊற்றியது பீன்ஸ் குழம்பு என்றே டர்பன்வாசிகள் சொல்கிறார்கள்.