வக்கா: பேசிய கல்லுக்கு வந்த கதி

தென் அமெரிக்க இன்காக்களின் சமயத்தைப் பற்றி மாணவர்களுக்காக எழுதிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது தெய்வங்களின் பட்டியல்தான். சூரியன் இன்ட்டி, நிலவு மாமா கீயா, இடி இல்லாப்பா, பூமித்தாய் பச்சமாமா, எல்லாவற்றையும் படைத்தவர் விராக்கோச்சா. பட்டியலில் தவறில்லை. ஆனால் ஆண்டீஸ் மலையில் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்களும், கணவாயைத் தாண்டிய வழிப்போக்கர்களும், விதைக்க இறங்கிய குடியானவர்களும் நாள்தோறும் நினைத்த சொல் அதில் இல்லை. அந்தச் சொல் 'வக்கா'.

இது கெச்சுவா மொழிச் சொல். பெருவிலும் பொலிவியாவிலும் எக்குவடோரிலும் இன்றும் பல இலட்சம் பேர் பேசும் மொழி அது. சொல்லின் கடைசி எழுத்தைச் சொல்லும்போது மூச்சைச் சற்றே அடக்கி, தெறித்தாற்போல் விட வேண்டும். அதே எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து எழுப்பினால் பொருளே மாறி, 'அழு' என்றாகிவிடும். இந்த வேறுபாட்டை எழுதிவைத்தவர்களில் ஒருவர் கார்சிலாசோ டி லா வேகா. 1539இல் இன்கா தலைநகரான கூஸ்கோவில் பிறந்தவர். தாய் இன்கா அரச குலத்தவர், தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். இரண்டு சொற்களையும் நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியர் ஒன்றாகவே கேட்டார்கள் என்பது அவருக்கு ஆறாத வருத்தம்.

1609இல் லிஸ்பனில் அச்சான தம் நூலில், எவையெல்லாம் வக்கா என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார். கோவில், கல்லறை, சூரியனுக்குக் கொடுத்த பொன் காணிக்கை ஆகியவை வக்கா. இரட்டைப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்ற தாயும், ஆறு விரலோடு பிறந்த குழந்தையும் வக்கா. இரண்டு மஞ்சள் கரு உள்ள முட்டை, பாறையிலிருந்து ஆறுபோல் பொங்கும் ஊற்று, நிறக்கோடு ஓடிய கூழாங்கல், காட்டிலுள்ள பெரும்பாம்பு, பனி மூடிய மலைத்தொடர் எல்லாமே வக்கா. பேரழகும் வக்கா, அச்சுறுத்தும் விகாரமும் வக்கா. தன் இனத்தின் வழக்கத்தை மீறி நிற்கும் எதுவும் இந்தப் பெயரைப் பெற்றது. இவற்றையெல்லாம் மக்கள் தெய்வமாக வணங்கவில்லை என்றும் கார்சிலாசோ சேர்த்துக்கொள்கிறார். அவர் கிறித்தவர், தாய்வழி மக்களைக் குறைசொல்லிலிருந்து காக்க விரும்பியவர். இந்த ஓர் இடத்தில் அவரை அப்படியே ஏற்க முடியாது. மற்றவர்கள் எழுதிவைத்தது வேறாக இருக்கிறது.

1653இல் தம் நூலை முடித்த பெர்னபே கோபோ என்னும் சேசு சபைத் துறவி, கூஸ்கோவைச் சுற்றியிருந்த வக்காக்களை வரிசையாகக் குறித்திருக்கிறார். சூரியக் கோவிலான கோரிகாஞ்சாவிலிருந்து நாற்புறமும் கண்ணுக்குத் தெரியாத 41 கோடுகள் செல்வதாகக் கருதினார்கள். அவற்றின்மேல் 328 வக்காக்கள் இருந்தன. பெரும்பகுதி ஊற்றுகளும் கற்களும். குன்று, வீடு, வயல், காற்று நுழையும் பள்ளம் ஆகியவையும் உண்டு. கோடுகளைப் பிரித்துக் கவனித்துக்கொள்வது குலங்களின் பொறுப்பு. ஊற்றுகளுக்குக் கடற்சிப்பியைக் கொடுத்தார்கள்; சிப்பி கடலின் மகள், கடல் எல்லாத் தண்ணீருக்கும் தாய் என்பது அவர்கள் கணக்கு. அந்த வரிசையில் 'புன்யுய்' என்று ஓர் இடம் வருகிறது. சொல்லுக்கே உறக்கம் என்று பொருள். தூக்கம் வராதவர்களுக்காகவும், தூக்கத்திலேயே உயிர் போய்விடாமல் இருக்கவும் அங்கே காணிக்கை வைத்தார்கள்.

கல் எப்படி வக்கா ஆகும்? கூஸ்கோ அருகேயுள்ள வனகௌரி மலைக்கு ஒரு கதை உண்டு. இன்காக்களின் முன்னோராகிய நான்கு அண்ணன் தம்பிகளும் நான்கு அக்கா தங்கைகளும் ஒரு குகையிலிருந்து வெளிவந்து நல்ல நிலம் தேடி நடந்தார்கள். வழியில் அயார் ஊச்சு என்னும் சகோதரர் இந்த மலையில் கல்லாகிவிட்டார். மான்கோ காப்பாக் தொடர்ந்து நடந்து கூஸ்கோவை நிறுவினார். கல்லானவரை யாரும் இறந்தவராக எண்ணவில்லை. அவர் அங்கேயே இருக்கிறார், குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணினார்கள். இன்கா இளைஞர்கள் வளர்ந்த ஆடவராகும் சடங்கில் அந்த மலைக்கு ஏறிப் போனார்கள்.

வக்கா பேசும், சாப்பிடும், கோபப்படும். இதை நேரில் பார்த்ததுபோல் காட்டும் கதை, பெருவின் தலைநகர் லிமாவுக்குக் கிழக்கேயுள்ள வரோச்சிரி மலைநாட்டில் 1608 வாக்கில் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட ஏட்டில் இருக்கிறது. துப்பாக் இன்கா யுப்பான்கி என்னும் பேரரசர் பல ஆண்டுகளாக ஒரு கலகத்தை அடக்க முடியாமல் தவித்தார். நாட்டிலுள்ள வக்காக்களையெல்லாம் கூஸ்கோவுக்கு வரவழைத்தார். பொன், வெள்ளி, துணி, உணவு எல்லாம் தருகிறேனே, எனக்கு உதவ மாட்டீர்களா என்று கேட்டார். சபையில் பேச்சில்லை. கடற்கரையின் பெரிய வக்காவான பச்சகமக் மட்டும், நான் அசைந்தால் உலகமே முடிந்துவிடும், அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்றார். பிறகு பரியகாக்கா மலையின் மகன் மக்காவிசா பேசினார். பேசும்போது அவர் வாயிலிருந்து பசுநீலப் புகை வந்தது. பல்லக்கில் போர்க்களம் போனார். முதலில் தூறல், பிறகு மின்னல், பிறகு வெள்ளம். கலகக்காரர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மகிழ்ந்துபோன அரசர் விருந்து வைத்தார். இதெல்லாம் நான் தின்பதில்லை, முல்லுச் சிப்பி கொண்டு வா என்றார் மக்காவிசா. கொண்டுவந்ததும் 'கப் கப்' என்று கடித்து மென்றார்.

இந்த ஒரு காட்சியை எந்த அகராதி விளக்கத்தைவிடவும் மேலாக நான் மதிக்கிறேன். பேரரசரே கேட்டுப் பெற வேண்டியவர் வக்கா. கொடுத்தால் உதவுவார், தமக்குப் பிடித்ததைக் கேட்பார், மறுக்கவும் செய்வார். இந்த உறவுக்கு அஞ்சத்தக்க பக்கமும் இருந்தது. மலை வக்காக்களுக்குக் குழந்தைகளைப் பலி கொடுத்தார்கள். அர்ஜென்டினா–சிலி எல்லையில் யுயையாக்கோ மலையுச்சியில், 6,700 மீட்டருக்கு மேல், அப்படிப்பட்ட மூன்று பிள்ளைகளின் உடல்கள் பனியில் கெடாமல் 1999இல் கிடைத்தன. இளைய வாசகர்களிடம் இதை மறைப்பது நேர்மையாகாது.

வரோச்சிரி ஏட்டை நாம் படிக்க முடிவதே ஒரு கொடுமையின் விளைவு. பிரான்சிஸ்கோ டி ஆவிலா என்னும் பாதிரியார் இந்தக் கதைகளைத் திரட்டியது, வக்காக்கள் எங்கே இருக்கின்றன என்று அறிந்து ஒழிப்பதற்கு. 1609இல் லிமாவின் நடுச் சதுக்கத்தில் வக்காக்களையும் முன்னோரின் பதப்படுத்திய உடல்களையும் குவித்து எரித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1533இல், ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ பிசாரோ பச்சகமக் கருவறைக்குள் நுழைந்து, அங்கிருந்த மரவடிவத்தை உடைத்திருந்தார். ஸ்பானியர் தங்கள் எழுத்தில் வக்காவைச் 'சிலை' என்று எழுதினார்கள். சொல் முதலில் சுருங்கியது அங்கேதான்.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1560களில் அயாகுச்சோ வட்டாரத்தில் 'தாக்கி ஒங்கோய்' என்ற இயக்கம் எழுந்தது. ஆடல் நோய் என்று பொருள். வக்காக்கள் இனிக் கல்லில் தங்காமல் மனித உடலுக்குள் இறங்கும், ஸ்பானியரைத் துரத்தும் என்று சொல்லி மக்கள் ஆவேசம் வந்து ஆடினார்கள். ஆட்சியாளர்கள் அதை அடக்கினார்கள்.

அடுத்தது பொருளாசை. வக்காக்களிலும் கல்லறைகளிலும் பொன் இருந்ததால், ஸ்பானிய மொழியில் 'வாக்கா' என்பது புதையல் குழிக்குப் பெயராயிற்று. தோண்டித் திருடுபவர் 'வாக்கேரோ', கல்லறையில் எடுத்த மண்கலம் 'வாக்கோ'. வடபெருவில் இன்காக்களுக்கு முற்பட்ட மோச்சே மக்கள் கோடிக்கணக்கான பச்சைச் செங்கற்களால் எழுப்பிய 'சூரிய வாக்கா'வைக் கரைத்துப் பொன் எடுக்க, 17ஆம் நூற்றாண்டில் ஆற்றையே திருப்பி விட்டார்கள். அதன் பெரும்பகுதி போய்விட்டது. வடபெருவிலேயே சிப்பானில் 1987இல் திருடர்கள் தோண்டத் தொடங்கிய வாக்காவைத் தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வா காவலர்களின் துணையோடு காப்பாற்றியதால்தான் மோச்சே தலைவர் ஒருவரின் கல்லறை முழுமையாகக் கிடைத்தது.

இன்று லிமாவில் யாரிடமாவது வாக்கா எங்கே என்று கேட்டால், அடுக்குமாடிகளுக்கு நடுவில் வேலியிட்ட ஒரு மண்மேட்டைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒன்றான புக்யானா நன்றாகப் பாதுகாக்கப்படுகிறது. அதே லிமாவின் எல் பரைசோவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான ஒரு கட்டுமானத்தை 2013இல் இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள். ஆனால் கெச்சுவா பேசும் மலையூர்களில் பச்சமாமாவுக்குக் கோக்கா இலையும் மக்காச்சோளக் கள்ளும் இன்றும் கொடுக்கிறார்கள். கணவாயைக் கடப்பவர்கள் வழிக்கல் குவியலில் இன்னொரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்காக்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொல் வரும் இடத்தில் சிலை என்றும் பாழ்மேடு என்றும் மாற்றாதீர்கள். வக்கா என்றே எழுதி, அது என்னவென்று இரண்டு வரி விளக்குங்கள். மாணவர்களே, தெய்வப் பட்டியலை மனப்பாடம் செய்யும் முன் மக்காவிசாவின் கதையைத் தேடிப் படியுங்கள்.