வாய் கொப்பளிக்கும் மருந்துகளும் பற்படலமும்

பற்களின் மீதும் ஈறுகளின் ஓரத்திலும் பாக்டீரியாக்கள் கூடி ஒட்டிக்கொள்ளும் மென்மையான படிவு பற்படலம் எனப்படுகிறது. வாய் கொப்பளிப்பதால் மட்டும் இதனை அழிக்க முடியுமா என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே சோதிக்கப்பட்ட கேள்வியாகும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆன்டன் வான் லீவன்ஹூக், தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் படிவில் நுண்ணுயிர்கள் அசைவதைத் தாமே செய்த நுண்ணோக்கியில் கண்டார். 1683 ஆம் ஆண்டில் இதனை இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்த பின்னரும் பல்லிடுக்கில் அவை உயிருடன் இருந்தன. படிவை வெளியே எடுத்து நீரில் கரைத்து வினிகரைக் கலந்தபோதோ உடனே இறந்தன. வினிகர் படிவின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார்.

1879 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் லிஸ்டரின் என்னும் கிருமிநாசினியை உருவாக்கினார். அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரைச் சிறப்பிக்கும் வகையில் பெயரிடப்பட்ட இது, 1920களில் வாய் நாற்றத்தைப் போக்கும் மருந்தாக விளம்பரம் பெற்றது.

ஈறு அழற்சிக்குப் பற்படலமே காரணம் என்பதை 1965 இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ குழுவினர் நிறுவினர். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கியதும் அது குணமானது.

1970 இல் லோவும் அவருடன் ஆய்வு செய்தவரும் அடுத்த படியை எட்டினர். 0.2 விழுக்காடு குளோரெக்சிடின் கரைசலில் 10 மில்லிலிட்டர் கொண்டு நாளுக்கு இருமுறை கொப்பளித்தவர்களிடம், பல் துலக்காதபோதும் பற்படலம் உருவாவது தடுக்கப்பட்டது. நேர்மின்னூட்டம் கொண்ட இம்மருந்து பற்களிலும் வாயின் உட்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் செயல்படுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் 0.12 விழுக்காடு கரைசலுக்கு 1986 இல் ஒப்புதல் கிடைத்தது.

எனினும் நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படிவதும், சுவை மாறுவதும் உண்டு. மேலும், புதிய படலத்தைத் தடுக்கும் இம்மருந்தால் ஏற்கெனவே தடித்துப் படிந்த படலத்தை முழுமையாக ஊடுருவ முடிவதில்லை. லீவன்ஹூக் வினிகரில் கண்ட குறை இதுவே. இதனால்தான் பல் மருத்துவர்கள் இம்மருந்தைப் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு, பல் துலக்குவதற்குத் துணையாகவே பரிந்துரைக்கின்றனர்.