நரம்பு அறுந்த இருதயம்
திருவனந்தபுரத்திலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடியை அடைகிறோம். அங்கே மேட்டில் ஏறத் தொடங்கியதும் நரம்புகள் ஏவ, இருதயம் விரைகிறது. அந்நரம்புகள் அறுந்தால் என்னவாகும்?

1921-இல் ஆட்டோ லோவி, நரம்பு ரசாயனப் பொருள் வாயிலாகவே இருதயத்துடன் பேசுகிறது என்று தவளைகளைக் கொண்டு நிறுவினார். பின்னர் அமெரிக்கரான வால்டர் கானன், நரம்பிழந்த உறுப்பு இரத்தத்தில் வரும் அட்ரினலினுக்கு மிகையாக இணங்குவதை விளக்கினார். மனிதரிடம் இவ்வுண்மையை ஆராய இருதய மாற்றுச் சிகிச்சை வழிவகுத்தது. 1968-இல் பம்பாயில் டாக்டர் பி. கே. சென் அதனை முயன்றார். 1994-இல் தில்லியில் டாக்டர் பி. வேணுகோபால் வெற்றி கண்டார்.

மாற்றும்போது நரம்புகள் அறுபடுகின்றன. இருதயம் தன் சொந்தக் கணுவால் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் நரம்பு முனைகள் சேமித்த நார்அட்ரினலின் வற்றிவிடும். செய்தியை வாங்கும் ஏற்பிகளோ நிலைத்திருக்கின்றன. அட்ரினலினை உறிஞ்சி அகற்ற நரம்பு முனைகள் இல்லாமையால், சிறிதளவும் பெரும்பயன் விளைக்கிறது.

ஆதலின் அத்தகையவர் மலையேறினால் துடிப்பு தாமதித்தே உயரும். அமர்ந்த பின்னும் தாமதித்தே தணியும். அவர் மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துதல் நலம். நரம்பின் உறவு அறுந்தும், தொலைவிலிருந்து வரும் செய்திக்கு இருதயம் கூர்ந்து செவிசாய்க்கிறது. ஊரைவிட்டு வாழும் நமக்கு இது புதிதன்று.